மைசூர்ச் சிறை கண்ட திவேகர்

பம்பாயில் வேலை பார்த்துவிட்டு வந்த நம்மவர்களுக்கு மஸ்ஜித் ரயில் நிலையம் தெரியாமல் இராது. பெயரைக் கேட்டதும் முஸ்லிம்களின் பள்ளிவாசலையே எவரும் நினைப்பர். ஆனால் அருகிலுள்ள ஒரு யூத ஜெப ஆலயத்தை ஒட்டியே அப்பெயர் வந்தது என்று கூறப்படுகிறது. அந்த ஆலயத்தைக் கட்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர். ஊரார் வழக்கில் சாமாஜி ஹசாஜி. அவருடைய வாழ்க்கையின் முக்கியமான திருப்பம், நாம் பிழைக்க வந்திருக்கும் இதே மைசூர்ச் சீமையில் நிகழ்ந்தது.

திவேகர் 'பெனே இஸ்ரேல்' எனப்படும் யூத சமூகத்தவர். இவர்களுடைய முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கொங்கணக் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கினர் என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே உயிர் தப்பினர் என்றும் அவர்களிடையே ஐதிகம் உண்டு. புத்தகமும் போயிற்று, குருமாரும் இல்லை. மராத்தி பேசி, செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தார்கள். சனிக்கிழமையில் மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் இவர்களைச் சனிவாரத் தேலி, அதாவது சனிக்கிழமை வாணியர் என்றே அழைத்தனர்.

வேதம் மறந்துபோன அந்த மக்களுக்கு ஒரே ஒரு மந்திரம் மட்டும் மறக்கவில்லை. கடவுள் ஒருவரே என்று சொல்லும் 'ஷெமா' என்ற எபிரேய வாசகம் அது. பிறப்பு, திருமணம், சாவு எதுவானாலும் அதையே சொன்னார்கள்.

யூத நெறிப்படி ஷெமாவைக் காலையிலும் இரவிலும் ஓத வேண்டும். அவர்களுக்கு நாள் தொடங்குவதே மாலையில்தான். ஆகவே இரவு எப்போது பிறக்கிறது என்பது பெரிய கேள்வி. வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தால் இரவு வந்துவிட்டது என்பது விதி. கடிகாரம் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் போதும்.

எதுவரை ஓதலாம் என்பதில் பழங்கால அறிஞர்கள் மூன்று விதமாகப் பேசினர். இரவின் முதல் சாமம் முடியும்வரை என்றார் ஒருவர். நள்ளிரவுவரை என்றனர் பலர். விடிவதற்கு முன்வரை என்றார் ரப்பான் கமாலியேல். அவருடைய பிள்ளைகள் ஒருநாள் விருந்துக்குப் போய் நள்ளிரவு கடந்து வீடு திரும்பினர். ஷெமா ஓதவில்லையே என்று அவர்கள் தயங்கியபோது, கிழக்கு வெளுக்காத வரையில் கடமை தீர்ந்துவிடவில்லை, ஓதுங்கள் என்று தந்தை சொன்னாராம்.

அப்படியானால் நள்ளிரவு என்று எல்லை வைத்தது எதற்கு? காட்டு வேலை முடித்து அலுத்து வருபவன், கொஞ்சம் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து பிறகு ஓதலாம் என்று நினைப்பான். அசதியில் பொழுது விடியும்வரை தூங்கிவிடுவான். அவனைக் காக்கவே அந்த வேலி. வைட்ஃபீல்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்துத் திரும்பும் தம்பிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட மரபில் பிறந்த திவேகர், செக்கை விட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்தார். அன்று பெனே இஸ்ரேலர் பலருக்கும் பட்டாளம்தான் பிழைப்பு. படிப்படியாக உயர்ந்து, இந்தியச் சிப்பாய் எட்டக்கூடிய கமாண்டன்ட் பதவிவரை அவர் சென்றார்.

1780 முதல் 1784 வரை நடந்த இரண்டாம் மைசூர்ப் போரில் அவரும் அவர் சகோதரரும் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டனர். எந்தச் சாதி என்று கேட்டபோது பெனே இஸ்ரேல் என்று கைதிகள் பதில் கூறினர். குர்ஆனில் இடம்பெற்ற அப்பெயரைக் கேட்ட திப்புவின் தாயார் மனமிரங்கி, அவர்களைக் கொல்ல வேண்டாம் என்று மகனைத் தடுத்தார். பெனே இஸ்ரேலர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. கதையில் கூடுதல் குறைவு இருக்கலாம். ஆனால் பகைவர் மண்ணிலும் தம் பெயரை மறைக்காமல் சொன்னதால் உயிர் பிழைத்தோம் என்று ஒரு சமூகம் நினைவு வைத்திருப்பது சிறிய விஷயமல்ல.

உயிரோடு ஊர் திரும்பினால் ஆண்டவனுக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாகத் திவேகர் நேர்ந்துகொண்டார் என்பர். விடுதலையாகிப் பம்பாய் சேர்ந்தவர் சொன்னபடி செய்தார். 1796-ல் மாண்டவிப் பகுதியில் எழுந்த 'கருணை வாயில்' என்னும் ஆலயமே பம்பாயின் முதல் யூத ஜெப ஆலயம். அதுவரை வீடுகளில் முணுமுணுத்த வாசகத்தைச் சேர்ந்து சொல்ல அம்மக்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

கட்டடம் மட்டும் போதாது, வேதச் சுருளும் வேண்டுமல்லவா? அதைப் பெறத் திவேகர் கொச்சிக்குப் போனார். அங்கே 1568-ல் கட்டிய ஆலயத்தோடு, வேதம் கற்ற யூதர்கள் வாழ்ந்தனர். ஆனால் அவர் திரும்பி வரவில்லை. 1797-ல் கொச்சியிலேயே காலமாகி, அம்மண்ணிலேயே அடக்கமானார். ஆலயம் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் வந்து, மறந்துபோன ஜெபங்களையும் பண்டிகைகளையும் கற்றுக் கொடுத்தனர். ஆலயம் 1860-ல் புதுப்பிக்கப்பட்டது. அது நிற்கும் தெருவுக்குச் சாமுவேல் தெரு என்று பெயர். 1948-க்குப் பின் பெனே இஸ்ரேலரில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டாலும், கருணை வாயில் இன்றும் நிற்கிறது.

புத்தகம், குரு, கோயில் எதுவுமில்லாமல் ஒரு கூட்டம் தன்னை மறக்காமல் இருந்ததற்குக் காரணம், மாலையில் வீட்டில் சொன்ன ஒரே ஒரு வரி. அந்த வரிக்குக் கூரை போட்டவர் திவேகர். அயலூரில் பிள்ளை வளர்க்கும் நாமும், விளக்கேற்றும் வேளையில் பிள்ளைகளை உட்காரவைத்து நம் மொழியில் ஒரு வரியாவது சொல்லித் தரலாம். வேலை முடிந்து வர நேரமாகிவிட்டால் கவலை வேண்டாம். விடியும்வரை நேரம் இருக்கிறது.