மண்ணிடம் பாடம் கேட்ட பேரறிஞர்

நோய் வந்தபின் மருந்து தேடுவது உலக வழக்கம். நோய்க்கு எளிதில் இடங்கொடாத உடலை உண்டாக்க எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டு, நம் காலடியிலுள்ள மண்ணைச் சுட்டிக்காட்டினார் ஓர் அறிஞர். அவரே சர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

1873-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில், ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றுத் தேர்ந்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராயும் உத்தியோகத்தில் அமர்ந்தார். அங்கே அவரை ஒரு குறை வாட்டியது. தாம் சொல்லும் பரிகாரத்தைத் தாமே பயிரிட்டுச் சோதிக்க, சொந்தப் பொறுப்பில் ஒரு துண்டு நிலமும் இல்லை.

1905-ல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபோது அக்குறை நீங்கியது. அதே ஆண்டில் தாவர நூல் வல்ல கேப்ரியல் அம்மையாரை மணந்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா கோதுமை வகைகள் நாடெங்கும் பரவின. ஆனால் சுற்றுப்புறக் கிராமங்களைக் கண்ட ஹோவர்ட் வியந்தார். பூச்சிமருந்தே அறியாத குடியானவர்களின் பயிர்களில் நோய் மிகக் குறைவு. அரசாங்கம் அனுப்பிய நிபுணர், எழுத்தறியாத உழவர்களையே ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார்.

அவர்களிடம் கற்றபடி மண்ணைப் பேணினார். அதில் விளைந்த தீவனத்தைத் தம் உழவு மாடுகளுக்குக் கொடுத்தார். அடுத்த பண்ணையில் கோமாரி கண்ட மாடுகள் வேலிக்கு அப்பால் நின்று இவருடைய மாடுகளோடு மூக்கை உரசின. ஆயினும் இவருடைய மாடுகளுக்கு நோய் தொற்றவில்லை. வளமுள்ள மண், வலுவுள்ள பயிர், உறுதியுள்ள கால்நடை, நலமுள்ள மனிதன். இவை ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1924 முதல் இந்தூரில் பணிபுரிந்தார். சாணத்தை வறட்டியாக்கி எரிப்பதால் நிலம் பட்டினி கிடப்பதை உணர்ந்தார். இலைதழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, காற்றுப் புகும்படி புரட்டிப்போட்டு, சுமார் மூன்று மாதத்தில் மக்கிய எருவாக்கும் முறையை வகுத்தார். அதற்கு இந்தூர் முறை என்று பெயர். 1930-ல் கேப்ரியல் அம்மையார் காலமானார். மறு ஆண்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இந்தியாவை விட்டு ஹோவர்ட் பிரிந்தார். 1934-ல் சர் பட்டம் பெற்றார்.

நமது குன்னூரிலோ, ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் எலிகளுக்குப் பலவகை உணவளித்து ஆராய்ந்து வந்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் செழித்தன. சத்தற்ற உணவு தின்றவை நோயுற்றன. உணவே உடலின் அஸ்திவாரம் என்றார் மெக்காரிசன். அந்த உணவின் அஸ்திவாரம் மண் என்றார் ஹோவர்ட். 1939-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதி டாக்டர்கள் கூட்டிய கூட்டத்தில் இருவரும் ஒரே மேடையில் பேசினர்.

ரசாயன உரத்தை ஹோவர்ட் கடுமையாக எதிர்த்தார். விஞ்ஞானிகள் பலர் அவரோடு உடன்படவில்லை. அவர் நம்பியதுபோல் எருவிட்ட விளைபொருளே எல்லா நோயையும் தடுக்கும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அடிப்படை பொய்க்கவில்லை. துத்தநாகச் சத்துக் குறைந்த மண்ணில் விளையும் தானியத்திலும் அச்சத்து குறையும். அதையே பெரிதும் உண்ணும் குழந்தைகள் வளர்ச்சி குன்றுவதுண்டு. மக்கிய எருவோ மண்ணில் ஈரத்தைக் காத்து, கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களுக்கு இரையாகிறது.

1947-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஹோவர்ட் கண்மூடினார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம். நம் வீட்டுக் கொல்லையில் உதிரும் இலையும், அடுக்களையில் கழியும் காய்கறித் தோலும் குப்பையல்ல; நாளை நம் பிள்ளைகள் உண்ணப்போகும் கீரையின் உணவு. தீயிட்டுக் கொளுத்தாமல், ஒரு குழி வெட்டி அதிலிடுவோம்.