வரவு செலவு பார்த்த ரசாயன மேதை

மழையில் கிடக்கும் இரும்பு துருப்பிடித்து உதிர்கிறது. இரும்பு கரைந்து எடை குறைந்துவிட்டது என்றே நாம் நினைக்கிறோம். உதிர்ந்த துருவையும் கூட்டிச் சேர்த்து நிறுத்துப் பார்த்தால், எடை முன்பைவிட அதிகமாக இருக்கும். இப்படிக் கூடும் எடை எங்கிருந்து வந்தது என்று கணக்குக் கேட்டவர்தான் அந்துவான் லவாய்சியர். நவீன ரசாயனத்தின் தந்தை என்று போற்றப்படுபவர்.

வரிக் குத்தகை

பிரான்சின் தலைநகரான பாரிசில் 1743-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி லவாய்சியர் பிறந்தார். தந்தை வக்கீல். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்தார். மகனும் சட்டம் படித்துத் தேறினார். ஆனால் மனம் விஞ்ஞானத்தில்தான் லயித்திருந்தது. 1768-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் இடம் கிடைத்தது.

அதே ஆண்டில் இன்னொரு காரியமும் செய்தார். அந்நாளில் உப்பு வரி, புகையிலை வரி போன்றவற்றைப் பிரெஞ்சு அரசாங்கம் நேராக வசூலிக்கவில்லை. தனியார் கம்பெனி ஒன்று அவற்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அதில் லவாய்சியர் பங்கு வாங்கினார். அந்த வருமானத்தில்தான் விலை உயர்ந்த தராசுகளையும் கருவிகளையும் செய்வித்தார். அதுவே பின்னால் அவருக்கு எமனாகவும் வந்தது.

1771-ல், அதே குத்தகைதாரர்களில் ஒருவரான பால்ஸ் என்பவரின் மகள் மேரி ஆனை மணந்தார். மணமகளுக்கு வயது 13. அந்தப் பெண் ஆங்கிலம் கற்று, கணவருக்காக ரசாயன நூல்களை மொழிபெயர்த்தார். அவருடைய புத்தகத்துக்குப் படங்களும் வரைந்தார்.

தராசு சொன்ன தீர்ப்பு

ஒரு பொருள் எரியும்போது அதிலிருந்து பிளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்று அக்கால ரசாயன நிபுணர்கள் நம்பினார்கள். விறகு எரிந்து கைப்பிடிச் சாம்பலாவதைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் கந்தகத்தையும் பாஸ்பரசையும் எரித்து நிறுத்த லவாய்சியர், எடை கூடுவதை 1772-ல் கண்டார். வெளியே போனால் எடை கூடுமா? ஏதோ உள்ளே வந்திருக்க வேண்டும்.

வெள்ளீயத்தைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துச் சூடாக்கினார். மொத்த எடை மாறவில்லை. குடுவையைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்தது, எடை கூடியது. ஆகவே உலோகம் எடுத்துக்கொண்டது குடுவையில் இருந்த காற்றின் ஒரு பகுதியைத்தான்.

அது எந்தப் பகுதி? 1774-ல் பாரிசுக்கு வந்த ஆங்கிலேயர் பிரீஸ்ட்லி, பாதரசத்தின் சிவப்புப் பொடியைச் சூடாக்கினால் ஒரு வாயு கிடைப்பதையும், அதில் மெழுகுவர்த்தி பிரகாசமாக எரிவதையும் சொன்னார். லவாய்சியர் பாதரசத்தைக் காற்றுடன் சேர்த்து 12 நாள் சூடாக்கினார். சிவப்புப் பொடி 45 கிரெயின் கிடைத்தது. அதை மேலும் அதிகமாகச் சூடாக்கியபோது பாதரசம் நாற்பத்தொன்றரை கிரெயின் திரும்பி வந்தது. மீதி வாயுவாகப் பிரிந்தது. பற்று எவ்வளவோ, வரவும் அவ்வளவே.

அந்த வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். நாம் பிராணவாயு என்கிறோம். அதை முதலில் பிரித்தவர்கள் பிரீஸ்ட்லியும் சுவீடனைச் சேர்ந்த ஷீலேயும்தான். பிரீஸ்ட்லிக்கு உரிய பெருமையை லவாய்சியர் மனமுவந்து கொடுக்கவில்லை என்பது அவர் மீதுள்ள குறை. ஆனால் எரிவது, துருப்பிடிப்பது, மூச்சு விடுவது எல்லாம் ஒரே வகைக் காரியம் என்று விளக்கியவர் அவரே.

கொடுப்பதும் வாங்குவதும்

ஆக்சிஜன் சேர்வது ஆக்சிஜனேற்றம், பிரிவது ஒடுக்கம். பிலாய், ஜாம்ஷெட்பூர் ஊதுலைகளில் நடப்பதும் இதுதான். கோக் நிலக்கரியிலுள்ள கரி, இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது. தாது ஒடுங்கி இரும்பாகிறது. கரி ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஒன்று நடக்காமல் மற்றது நடக்காது.

1897-ல் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டபின் இந்தக் கணக்கு இன்னும் விரிந்தது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் அதன் மேல் செம்பு படிகிறது. இங்கே ஆக்சிஜன் கைமாறவில்லை. இரும்பு அணு 2 எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது; செம்பு அந்த இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. கொடுப்பது ஆக்சிஜனேற்றம், வாங்குவது ஒடுக்கம்.

தீராத பழி

1789-ல் லவாய்சியரின் ரசாயன நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சியும் வெடித்தது. வரிக் குத்தகைதாரர்கள் மீது மக்களுக்குத் தீராத கோபம். 1793 நவம்பரில் அவர்களைக் கைது செய்தார்கள். கைதிகளாகவே கம்பெனிக் கணக்குகளை எழுதி முடித்து ஒப்படைத்தார்கள். பலனில்லை. புகையிலையில் தண்ணீர் சேர்த்து விற்றார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. எடையில் இம்மி பிசகாத மனிதர் மீது எடைப் பழி!

1794-ம் ஆண்டு மே 8-ந் தேதி விசாரணை நடந்தது. அன்றே மாமனார் உள்பட மற்ற 27 பேருடன் லவாய்சியரின் தலையும் கில்லட்டினில் துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 50.

கணவரையும் தந்தையையும் ஒரே நாளில் இழந்த மேரி ஆன், பறிமுதலான சொத்துகளைப் பின்னர் மீட்டார். கணவரின் கடைசி ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்சிட்டு வெளியிட்டார். 1836 வரை வாழ்ந்தார்.

ரசாயனச் சமன்பாட்டின் இரு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் கூட்டிப் பார்க்கிறார்கள். அது லவாய்சியர் போட்டுக் கொடுத்த கணக்கு.