வளைவுக்குள் ஓர் எழுத்து

ஹைதராபாத்தில் வாழும் நீங்கள் சார்மினாரைப் பலமுறை கண்டிருப்பீர்கள். அதே சார்மினார் பழைய வெள்ளி ரூபாய் ஒன்றிலும் நிற்கிறது. அதன் வாயில் வளைவை உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்று நோக்குங்கள். உள்ளே சிறியதோர் எழுத்துத் தெரியும். அது ‘ஐன்’ என்னும் அரபு எழுத்து. உஸ்மான் என்னும் பெயரின் முதலெழுத்து.

மீர் உஸ்மான் அலிகான் 1886ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை மஹபூப் அலிகான் மறைந்தபின், 1911இல் ஏழாம் நிஜாமாக அரியணை ஏறினார். தந்தையின் சார்மினார்க் காசுகளில் வளைவுக்குள் இருப்பது ‘மீம்’ என்னும் எழுத்து. ஆகவே, காசு தந்தையுடையதா மகனுடையதா என்பதை அந்த ஓரெழுத்தே காட்டிவிடும். மகனுடைய முதற்காசுகளில் ‘ஐன்’ குறுகியும், பின் வந்தவற்றில் முழு வடிவிலும் இருக்கும். நாணயம் சேர்ப்போர் இவ்விரண்டையும் தனித்தனி வகையாகவே கொள்வர்.

1908இல் மூசி ஆற்று வெள்ளம் நகரைச் சூறையாடியது. மீண்டும் அவ்வாறு நேராதிருக்க, இவர் காலத்தில் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1918இல் தோன்றியது. அவ்வாண்டே ஹைதராபாத் அரசின் காகிதப் பணமும் வெளிவந்தது. 1937இல் அமெரிக்க இதழான ‘டைம்’ இவரை உலகின் பெருஞ்செல்வர் என்று அட்டையில் வெளியிட்டது. ஆயினும் இவர் எளிய உடை உடுத்தினார். சிக்கனத்திற்குப் பெயர் பெற்றார். தம் வெள்ளி ரூபாயில் முகத்தைப் பொறிக்காமல் ஓரெழுத்தோடு நிறுத்திக்கொண்டதும் இவர் இயல்புக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

அக்காலத்தில் சென்னையிலிருந்து இங்கு வந்த தமிழர் கையில் ஆங்கிலேயர் ரூபாய் இருந்தது. அதற்குக் ‘கல்தார்’ என்று பெயர். நிஜாமின் ரூபாய் ‘ஹாலி’ எனப்பட்டது. நூறு கல்தாருக்கு ஏறத்தாழ 116 ஹாலி கிடைக்கும். காரணம் வெள்ளியே. கல்தாரின் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஹாலியின் எடை 11.18 கிராம், வெள்ளி 81.8 பங்கு. பெருக்கிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும்.

இன்று அதன் மதிப்பு வெள்ளியின் எடையை மட்டும் பொறுத்ததன்று. எந்த ஆண்டுக் காசு, அவ்வாண்டுக் காசு எத்தனை அரிது, எழுத்துகள் தேயாமல் உள்ளனவா என்பனவற்றையும் பார்ப்பர். புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்கும், மாலையில் கோக்கத் துளையிட்ட காசுக்கும் மதிப்புக் குறையும். நம் வீடுகளில் ஆர்வத்தோடு செய்யும் தவறு இது!

காசிலுள்ள ஆண்டு ஹிஜ்ரி ஆண்டாகும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கைக் கழித்து 622ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். 1329 என்பது 1911 ஆவது இவ்வாறே.

1948இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. உஸ்மான் அலிகான் 1950 முதல் 1956 வரை ராஜபிரமுகராக இருந்தார். ஹாலிப் பணம் 1959இல் செல்லாது என்றாயிற்று. 1967 பிப்ரவரி 24ஆம் நாள் கிங் கோட்டி மாளிகையில் அவர் காலமானார். அப்போது அவருடைய பெயரெழுத்தைத் தாங்கிய ரூபாய் செல்லாக்காசாகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

செய்து பார்க்க: வளைவுக்குள் ‘ஐன்’ உள்ள ஒரு காசில் 1343 என்று இருக்கிறது. அது எந்த ஆண்டில் அச்சிடப்பட்டது? அப்போது உஸ்மான் அலிகானின் வயது என்ன?