தாவரத்தின் மின்துடிப்பை அளந்த ஜெகதீஷ் சந்திர போஸ்

தொட்டாற்சுருங்கியைத் தொட்டு வாடவைத்து விளையாடாத பிள்ளைகள் மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களில் இருக்கமாட்டார்கள். விரல் பட்டது ஒரு சிற்றிலையில்தான். ஆயினும் அதற்கு அப்பாலுள்ள இலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூம்பிவிடுகின்றன. நரம்பில்லாத செடிக்குள் செய்தி எவ்வழியாகச் சென்றது? இக்கேள்விக்கான விடையை மின்சாரத்தில் தேடி, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே அர்ப்பணித்தவர் வங்கத்து விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி, இன்று பங்களாதேஷ் எனப்படும் கிழக்கு வங்கத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில ஆட்சியில் உயர்பதவி வகித்தவர். அவரையொத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில், அவர் மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே ஒருபுறம் தந்தையின் முஸ்லிம் பணியாளரின் மகனும் மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர, நடுவில் அமர்ந்து கற்றார் சிறுவன் போஸ். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிரினங்கள் பற்றி அத்தோழர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தமக்குள் விதைத்தன என்று பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

கல்கத்தாவில் பட்டம் பெற்றபின் மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். நோய் குறுக்கிட்டமையால் அப்படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். 1885இல் தாயகம் திரும்பிக் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கலானார். ஐரோப்பியப் பேராசிரியருக்குரிய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. தற்காலிக நியமனம் என்பதால் போஸுக்கு அதிலும் பாதியே கிடைக்கவிருந்தது. அவர் கூச்சலிடவில்லை, பணியைத் துறக்கவுமில்லை. குடும்பம் கடன்பட்டிருந்த நிலையிலும் மூன்று ஆண்டுகள் ஊதியம் எதனையும் பெறாமலே கற்பித்தார். இறுதியில் நிர்வாகம் பணிந்து, முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது. அக்காலத்தில், 1887இல், அவரது கரம்பற்றிய அபலா அம்மையார் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

கல்லூரியில் முறையான ஆய்வுகூடம் இல்லை. சிறிய அறையொன்றில், உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரின் உதவியுடன் தாமே கருவிகளைச் செய்தார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து அவையோரை வியப்பிலாழ்த்தினார். அந்த அலைகளை உணரும் உலோகக் கருவி தொடர்ந்து இயங்கும்போது களைப்படைவதையும், ஓய்வுக்குப்பின் பழைய நிலைக்கு மீள்வதையும் அவர் கவனித்தார். தசைக்குரிய இயல்பு உலோகத்தில் தோன்றுமாயின், இடைப்பட்ட தாவரத்தில் அது இல்லாதிருக்குமா? இந்த ஐயமே அவரைத் தாவரவியலின்பால் திருப்பியது.

அவர் அளக்க முயன்றது மின்னழுத்தத்தை. நமக்கு அது விளங்க வாவியின் முகத்துவாரமே போதும். மணல்திட்டு அடைத்திருக்கையில் மழைவெள்ளத்தால் வாவியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலும் மேலாக உயர்கிறது. திட்டை வெட்டியதும் நீர் பாய்ந்தோடுகிறது. உயிருள்ள கலத்தின் மென்சவ்வுக்கு இருபுறமும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு. அங்கே வேறுபடுவது நீர்மட்டமன்று, மின்னழுத்தம். தூண்டல் ஏற்படும்போது சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறக்க, மின்னேற்றமுள்ள அயன்கள் பாய்கின்றன. அம்மாற்றம் அடுத்தடுத்த கலங்களுக்குப் பரவுகிறது. தொட்டாற்சுருங்கியில் இத்துடிப்பு இலைக்காம்பின் அடிப்பகுதியை எட்டியதும் அங்குள்ள கலங்கள் நீரை இழக்க, இலை தொய்கிறது. மனித நரம்புக் கலத்தின் மின்னழுத்தம் சுமார் 70 மில்லிவோல்ற்று. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற்று அதனிலும் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. இத்துணைச் சிறிய அளவில்தான் நம் நினைப்பும் அசைவும் நடைபெறுகின்றன.

1901ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி இலண்டன் றோயல் சங்கத்தில் போஸ் தம் முடிவுகளைச் செய்முறையுடன் எடுத்துரைத்தார். தொட்டால் அசையாத சாதாரணத் தாவரங்களும் தூண்டலுக்கு மின்னியல் முறையில் துலங்கல் காட்டுகின்றன என்பது அவரது கூற்று. உடலியலில் அன்றைய முதன்மையாளரான பேர்டன் சாண்டர்சன் அதனை ஏற்கவில்லை. பூச்சியுண்ணும் செடியொன்றில் மின்துடிப்பை 1873இலேயே கண்டவர் அவர். ஆயினும் எல்லாத் தாவரங்களுக்கும் அது பொருந்தும் என அவர் ஒப்பவில்லை. தலைப்பிலுள்ள சொல்லையேனும் மாற்றுமாறு வேண்டினார். அளந்து கண்டதை மறைக்கும் சொல்லைப் பயன்படுத்தப் போஸ் மறுத்தார். விளைவாக அக்கட்டுரை அச்சேறாமல் ஆவணக்காப்பறையில் உறங்கியது. எனினும் மனந்தளராத போஸின் ஆய்வை அடுத்த ஆண்டு லின்னேயன் சங்கம் வெளியிட்டது. அவரை நிராகரித்த றோயல் சங்கமே 1920இல் அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது.

தாவர வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அவர் அமைத்தார். நம் மருத்துவ மரபு நன்கறிந்த தொழுகண்ணியின் சிற்றிலைகள் தாமாக அசைவதை இதயத் துடிப்புடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1917 நவம்பர் 30ஆம் திகதி, தமது 59ஆவது பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடக்கிவைத்தார். அங்கு காணப்படும் உண்மைகள் காப்புரிமையின்றி உலகின் பொதுச்சொத்தாகவேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி கிரிடியில் காலமானார்.

போஸ் கூறிய அனைத்தும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உலோகத்துக்கும் உயிருக்கும் இடையே அவர் கண்ட ஒருமையை விஞ்ஞானம் ஏற்கவில்லை. விலங்குகளுக்குரியது போன்ற நரம்புமண்டலம் தாவரங்களில் இல்லை. தண்டில் நீரேறுவதற்கு அவர் தந்த விளக்கமும் கைவிடப்பட்டது. ஆனால் அளவீட்டின் மையம் அசையவில்லை. காயப்பட்ட தக்காளிச் செடியில் மின்சமிக்ஞை பரவித் தற்காப்புச் செயலைத் தூண்டுவதை 1992இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினர்.

போஸ் பணியாற்றிய அதே காலத்தில் ஐரோப்பாவில் மனித உடலின் மின்னழுத்தமும் அளக்கப்பட்டது. இதயத்தின் மின்துடிப்பைப் பதிவுசெய்த ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ஜேர்மன் உளமருத்துவர் ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிந்தார். அச்சத்தால் தோலின் மின்னியல்பு மாறுவதை அளப்பது உளவியலாளருக்குப் பழகிய சோதனையாயிற்று. இன்று நெஞ்சுநோவுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் எவரும் முதலில் எதிர்கொள்வது இம்மின்பதிவையே.

தாய்மொழிப் பள்ளியில் தொடங்கிய போஸ், 1921இல் தம் வங்கமொழிக் கட்டுரைகளை நூலாக்கினார். அதே நோக்கில் நம் மண்ணிலும் ஒருவர் உழைத்தார். காரைதீவில் பிறந்து இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற சுவாமி விபுலாநந்தர், தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் 1930களில் சென்னையில் முன்னின்றார். அவ்வழி வந்த சொற்களைக் கொண்டு இன்று நம் பிள்ளைகள் விஞ்ஞானம் கற்கிறார்கள். ஆனால் சொற்களை மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவிப்பதோடு கல்வி முடிந்துவிடுமாயின், அந்த உழைப்பு வீணாகும். வயல்வரம்பிலுள்ள செடியைக் காட்டி, அது ஏன் வாடுகிறது என்று கேட்கும் ஆசிரியரும், விடையை அளந்து பார்க்கத் துணியும் மாணவரும் இருக்கும் வகுப்பறையே போஸுக்கு நாம் எழுப்பக்கூடிய தகுந்த நினைவுச்சின்னம்.