வண்டிக்கு அடியில் ஒரு ரப்பர், அதற்குப் பின்னால் ஒரு கடன்காரர்

உங்க வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ பதினஞ்சு வருஷம் ஓடின எஸ்யூவி ஏதாவது நிக்குதா? இருந்தா ஒரு வேலை பண்ணுங்க. சாயங்காலம் வெயில் இறங்கினதும் டார்ச் எடுத்துட்டு வண்டிக்கு அடியில் தலையை விடுங்க. நீளவாக்கில் ரெண்டு இரும்புத் தண்டு போகும், அதான் சேஸிஸ். அதுக்கு மேலே பாடி உக்கார்ந்திருக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாது. நடுவில் கைப்பிடி அளவுக்குக் கறுப்பா ரப்பர் துண்டு இருக்கும், அதன் நடுவில் ஒரு நீளப் போல்ட்டு. பட்டறையில் இதை பாடி புஷ்னு சொல்வாங்க. வண்டிக்கு வண்டி எண்ணிக்கை மாறும், பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் இருக்கும்.

அந்த ரப்பர் நசுங்கி, ஓரமெல்லாம் வெடிச்சு, பிதுங்கி நிக்குதுன்னா, ஸ்பீடு பிரேக்கரில் வர்ற அந்த 'டொக்' சத்தத்துக்குக் காரணம் சஸ்பென்ஷன்னு மட்டும் நினைக்காதீங்க. கதவு இடைவெளி முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு இருக்கா? பம்பர் ஒரு பக்கம் இறங்கின மாதிரி தெரியுதா? பாடி தன் இருக்கையில் இருந்து இறங்கிடுச்சுன்னு அர்த்தம்.

இந்தக் கட்டுரை புஷ் மாத்துறதைப் பத்தியும்தான், ஆனா முக்கியமா அந்தக் கறுப்புத் துண்டு ஏன் பதினஞ்சு வருஷம் தாக்குப் பிடிச்சதுன்னு சொல்ல வந்தது. 1830-கள்ல செஞ்ச ரப்பரை அங்கே வெச்சிருந்தா முதல் கோடையிலேயே உருகி சேஸிஸ்ல வழிஞ்சிருக்கும். அதை மாத்தினவர் சார்லஸ் குட்இயர். பேரைக் கேட்டதும் டயர் கம்பெனி முதலாளின்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அவர் டயரும் செய்யல, கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமும் இல்ல.

சார்லஸ் குட்இயர் 1800 டிசம்பர் 29-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரத்தில் பிறந்தார். அப்பா அமாசா குட்இயர் விவசாயக் கருவி, பொத்தான் மாதிரி சாமான்கள் செஞ்சு வித்தவர். பையன் பிலடெல்பியாவில் இரும்புச் சாமான் வியாபாரம் கத்துக்கிட்டு, ஊர் திரும்பி அப்பாவோட கூட்டுச் சேர்ந்தார். 1824-ல் கிளாரிஸா பீச்சரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு பிலடெல்பியாவில் கடை போட்டார். கொஞ்ச நாள் நல்லாத்தான் போச்சு. அப்புறம் கடனுக்குச் சரக்கு கொடுத்து, அது வசூலாகாம, தான் வாங்கின கடனையும் கட்ட முடியாம மாட்டிக்கிட்டார். அந்தக் காலத்தில் கடன் கட்டலைன்னா நேரா ஜெயில். வாழ்க்கை முழுக்க அவர் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தபடியே இருந்தார்.

1834-ல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி இந்தியா ரப்பர் கம்பெனியோட கடைக்குப் போனார். அங்கே விக்கிற ரப்பர் உயிர்காப்பு மிதவையோட வால்வு சரியில்லைன்னு, தானே ஒரு நல்ல வால்வு செஞ்சு விக்கலாம்னு எடுத்துட்டுப் போயிருந்தார். கடைக்காரர் வால்வைப் பாராட்டிட்டு உண்மையைச் சொன்னார். பிரச்சினை வால்வுல இல்ல, ரப்பர்லயே இருக்கு. வித்த சரக்கெல்லாம் வெயில்ல உருகி, நாத்தமெடுத்துத் திரும்பி வருது, குழி தோண்டிப் புதைக்க வேண்டியிருக்கு. குளிர்காலம் வந்தா அதே ரப்பர் மரக்கட்டை மாதிரி விறைச்சுடும். ரப்பர்ல பணம் போட்ட எல்லாரும் தலையில் துண்டைப் போட்டுக்கிட்டிருந்த நேரம் அது.

நீங்களும் நானும் அந்தக் கடையில் நின்னிருந்தா வேற தொழில் பார்த்திருப்போம். கெமிஸ்ட்ரி ஒரு வரிகூடப் படிக்காத, கடன்ல மூழ்கின ஒரு இரும்புக்கடைக்காரர், இதை நான் சரி பண்றேன்னு முடிவு பண்ணினார். பிலடெல்பியா திரும்பினதும் மறுபடி கடன் ஜெயில். அங்கேயே பச்சை ரப்பரை வரவழைச்சு, மாவு பிசையுற மாதிரி பிசைஞ்சு, உருட்டுக்கட்டையால் தேய்ச்சு ஆரம்பிச்சார். அவர் லேப்னு சொல்லணும்னா அதான் லேப்.

அடுத்த சில வருஷம் முழுக்க ட்ரையல் அண்ட் எரர். ரப்பர் பிசுபிசுன்னு ஒட்டுதே, ஏதாவது பொடியைக் கலந்தா காயுமேன்னு மெக்னீஷியாவைக் கலந்தார். வெள்ளையா அழகா வந்தது. மனைவி, பிள்ளைகளையும் உக்கார வெச்சு நூத்துக்கணக்கில் ரப்பர் செருப்பு செஞ்சாங்க. கோடை வந்தது, எல்லாம் களியாச்சு. ஒரு நாள் ரப்பர் மேல இருந்த வெண்கலப் பூச்சை எடுக்க நைட்ரிக் அமிலம் ஊத்தினார். துண்டு கறுத்துப் போச்சுன்னு தூக்கி எறிஞ்சிட்டு, பின்னால யோசிச்சுத் தேடி எடுத்துப் பார்த்தா, மேல்பரப்பு ஒட்டாம வழுவழுன்னு இருந்தது. 1837-ல் அதுக்குப் பேட்டன்ட் வாங்கினார். அதே வருஷம் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி, பணம் போட்டவர் திவால். ஸ்டேட்டன் தீவில் மூடிக் கிடந்த ரப்பர் ஆலைக்குள்ளேயே குடும்பத்தோட குடியிருந்து, கடல்ல மீன் பிடிச்சுச் சாப்பிட்டாங்க.

அப்புறம் மாசசூசெட்ஸ் போய், அரசாங்கத்துக்கு 150 தபால் பைகள் செய்யுற ஆர்டர் கிடைச்சது. அமில முறையில் செஞ்சு ஒரு சூடான அறையில் தொங்கவிட்டுட்டு வெளியூர் போனார். திரும்பி வந்தா பையெல்லாம் இளகித் தொங்குது. காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். அமிலம் மேல்தோலை மட்டும்தான் மாத்தியிருந்தது, உள்ளே பழைய பச்சை ரப்பர் அப்படியே இருந்தது. செருப்பு மாதிரி மெல்லிசான பொருளுக்கு அது போதும். கைப்பிடி அளவு கனமான ஒரு புஷ்ஷுக்கு? தேறவே தேறாது.

வோபர்ன் ஊரில் நத்தேனியல் ஹேவர்டுங்கிறவர் ரப்பரில் கந்தகப்பொடி கலந்து வெயிலில் காயவெச்சா பிசுபிசுப்பு குறையுதுன்னு கண்டுபிடிச்சிருந்தார். அந்த உரிமையை குட்இயர் வாங்கினார். 1839 குளிர்காலத்தில், கந்தகமும் வெள்ளை ஈயமும் கலந்த ரப்பர் துண்டு ஒண்ணு சூடான அடுப்பில் பட்டது. உருகியிருக்கணும். உருகல. தோல் கருகுற மாதிரி கருகுச்சு. கருகின ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டை மட்டும் கருகாம, ஒட்டாம, இழுத்தா திரும்புற மாதிரி இருந்தது. அந்தத் துண்டை வாசலுக்கு வெளியே கடும் குளிரில் ஆணியடிச்சு வெச்சார். காலையில் பார்த்தா விறைக்கல.

நம்ம புத்தகத்தில் எல்லாம் இதை ஒரே வரியில் தற்செயல் கண்டுபிடிப்புன்னு எழுதி முடிச்சிடுறாங்க. இதில் எனக்கு உடன்பாடு இல்ல. அடுப்பில் ரப்பர் பட்டது தற்செயல்தான். கருகின துண்டைக் குப்பையில் போடாம ஓரத்தை உத்துப் பார்த்தது தற்செயல் இல்ல. வெப்பம்னா ரப்பருக்கு எதிரின்னு ஊரே நம்பின காலத்தில், சரியான அளவு வெப்பம்தான் மருந்துன்னு ஒருத்தருக்குத் தோணணும்னா, அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் தோத்திருக்கணும். அவரும் பின்னாளில் தன் புத்தகத்தில் இதை வெறும் தற்செயல்னு ஒத்துக்கல.

உள்ளே நடந்தது என்னன்னா, இயற்கை ரப்பர் நீளநீளமான பாலிஐசோப்ரீன் சங்கிலிகள். தட்டில் கிடக்குற நூடுல்ஸ் மாதிரி, ஒண்ணோட ஒண்ணு கட்டுப்படாம வழுக்கும். சூடு பண்ணினா இன்னும் வழுக்கும், அதான் உருகல். கந்தகம் சேர்த்துச் சூடு பண்ணும்போது சங்கிலிக்குச் சங்கிலி நடுவில் கந்தகப் பாலம் விழுது. இப்போ இழுக்கலாம், விட்டா பழைய இடத்துக்கே வரும். நூறு பங்கு ரப்பருக்கு ரெண்டு மூணு பங்கு கந்தகம் போதும்.

ஆனா எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம்? இதைப் பிடிக்க அவருக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஆச்சு. மனைவி ரொட்டி சுடுற அடுப்பில் வெச்சுப் பார்த்தார், பக்கத்து ஆலைகளில் கெஞ்சி அவங்க பாய்லர் நீராவியில் வெச்சுப் பார்த்தார். கொஞ்சம் குறைஞ்சா வேகாது, கூடினா கருகும். கடைசியில் அழுத்தத்தில் உள்ள நீராவியில், சுமார் 130 டிகிரி செல்சியஸில், சில மணி நேரம்னு வந்து நின்னார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல கோபம் வருது. வீட்டில் இருந்த சாமானெல்லாம் அடகுக்குப் போச்சு. பிள்ளைகளோட பள்ளிப் புத்தகங்களை வித்து ரப்பருக்குச் செலவு பண்ணினார். ரெண்டு வயசுப் பையன் செத்தப்போ அடக்கம் பண்ண வீட்டில் காசில்ல. சுயசரிதை மாதிரி அவர் எழுதிவெச்ச புத்தகம் இருக்கு. பட்டினி கிடந்தது அவர் மட்டும் இல்ல. கண்டுபிடிப்பு தோத்திருந்தா இவரை நாம பொறுப்பில்லாத மனுஷன்னு சொல்லியிருப்போம். ஜெயிச்சதால விடாமுயற்சின்னு சொல்றோம். ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கப் போற நண்பர்கள் இந்தப் பாராவை ரெண்டு தடவை படிங்க.

கடைசியில் துணி ஆலை வெச்சிருந்த ஒரு உறவினர் பணம் போட்டதால் நிலைமை தேறிச்சு. 1844 ஜூன் 15-ல் அமெரிக்கப் பேட்டன்ட் கிடைச்சது, எண் 3633. ஆனா அதுக்குள்ள அவர் மாதிரித் துண்டுகள் இங்கிலாந்துக்குப் போயிருந்தன. அங்கே தாமஸ் ஹான்காக்ங்கிற அனுபவசாலி மேல்பரப்பில் கந்தகத்தோட தடயத்தைக் கவனிச்சு, தானே சோதனை பண்ணி, 1843 நவம்பரிலேயே விண்ணப்பிச்சுட்டார். இங்கிலாந்து உரிமை கைவிட்டுப் போச்சு. வல்கனைசேஷன்னு நாம பரிட்சையில் எழுதுறோமே, அந்தப் பேரு கூட ஹான்காக்கோட நண்பர் ரோமானிய நெருப்புக் கடவுள் வல்கன் பேரில் வெச்சது.

அமெரிக்காவில் ஹோரஸ் டேங்கிறவர் மேல போட்ட வழக்கு 1852-ல் நடந்தது. குட்இயர் பக்கம் வாதாடினவர் டேனியல் வெப்ஸ்டர், அப்போ நாட்டோட வெளியுறவு அமைச்சர். ஜெயிச்சாங்க. ஆனா வக்கீலுக்குக் கொடுத்த 15,000 டாலர், ரப்பர்ல குட்இயர் அதுவரை சம்பாதிச்சதை விட அதிகம்னு சொல்வாங்க. கையில் வந்ததையும் கண்காட்சிக்குக் கொட்டினார். 1851 லண்டன் கண்காட்சியில் சுவர், மேஜை, நாற்காலி எல்லாம் ரப்பராலேயே செஞ்ச ஒரு அரங்கம். 1855 பாரிஸ் கண்காட்சிக்கு அதை விடப் பெருசா. அந்த வருஷக் கடைசியில் பிரெஞ்சு உரிமையும் ரத்தாகி, கடனுக்காக பாரிஸ் ஜெயிலில் உக்கார்ந்திருந்தப்போ, பிரெஞ்சுப் பேரரசர் கொடுத்த லீஜியன் ஆஃப் ஹானர் பதக்கம் அங்கேயே வந்து சேர்ந்தது. கிளாரிஸா இதைப் பாக்கல, 1853-லேயே இறந்துட்டாங்க.

1860 ஜூலை 1-ல் நியூயார்க்கில் குட்இயர் செத்தார். சாகக் கிடந்த மகளைப் பாக்கக் கிளம்பினவர், வந்து சேர்ந்ததும் அவள் போயிட்டாள்னு தெரிஞ்சு சரிஞ்சு விழுந்தார். கடன் சுமார் 2 லட்சம் டாலர். டயர் கம்பெனி 38 வருஷம் கழிச்சு, 1898-ல் ஆக்ரன் நகரத்தில் ஃபிராங்க் சீபர்லிங் ஆரம்பிச்சு, மரியாதைக்கு இவர் பேரை வெச்சது.

சரி, உங்க வண்டிக்கு வருவோம். கந்தகப் பாலம் நிரந்தரம் இல்ல. காத்துல இருக்குற ஆக்சிஜனும் ஓசோனும் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டும், ஓரத்தில் பார்த்த வெடிப்பு அதான். எஞ்சின் ஆயில் ஒழுகினா ரப்பர் ஊறிப் பொதபொதன்னு ஆகும். வருஷக்கணக்கா பாரம் தாங்கினதில் பாலங்கள் அறுந்து புது இடத்தில் ஒட்டிக்கும், அதனால் நசுங்கினது நசுங்கினபடியே நிக்கும். மெக்கானிக்கல் பசங்க இதைக் கம்ப்ரஷன் செட்னு படிச்சிருப்பீங்க.

மாத்தும்போது ஒண்ணு ரெண்டை மட்டும் மாத்தாதீங்க, முழு செட்டா மாத்துங்க. இல்லைன்னா புதுசு உயரமாவும் பழசு தாழ்வாவும் நின்னு பாடி முறுக்கிக்கும். முந்தின நாளே போல்ட்டுக்குத் துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊறவிடுங்க. அவசரப்பட்டுத் திருகினா பாடிக்குள்ள வெல்டு பண்ணின நட்டு பிய்ச்சுக்கிட்டு சுத்தும், அப்புறம் தரையை வெட்டணும். ஒரு பக்கத்துப் போல்ட்டைக் கழட்டி, மறுபக்கத்தை லூஸ் மட்டும் பண்ணி, ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவில் மரப்பலகை வெச்சு மெதுவா தூக்குங்க. தூக்கும்போது ஒருத்தர் ஸ்டியரிங் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், டீசல் ஊத்துற குழாய், எர்த் ஒயர், ரேடியேட்டர் ஃபேன் இதையெல்லாம் பாத்துக்கிட்டே நிக்கணும். பாடி ரெண்டு இன்ச் ஏறினா இதெல்லாம் ரெண்டு இன்ச் இழுபடும். ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ளே விடாதீங்க, நடுவில் கட்டை கொடுங்க. கடைசி டைட் பாடி முழுசா இறங்கி உக்கார்ந்த பிறகு, மேனுவல்ல சொன்ன டார்க்கில். பாலியூரிதேன் புஷ் நல்லதான்னு கேட்டா, நாள்பட வரும், ஆனா ரோட்டோட அதிர்வும் சீட்டு வரைக்கும் வரும்.

கழட்டின பழைய புஷ்ஷை உருக்கிப் புதுசா வார்க்கலாமான்னு எங்க ஜூனியர் ஒருத்தன் கேட்டான். முடியாது. உருகக்கூடாதுன்னுதானே அந்த மனுஷன் பத்து வருஷம் பாடுபட்டார். அதனால் அது பட்டறை மூலையில் பழைய டயரோட சேர்ந்து அப்படியே கிடக்கும்.