மருத்துவர் ஹானிமன்

1792ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பேரரசர் இரண்டாம் லியோபோல்டு வியன்னா நகரில் உயிர் துறந்தார். நோயுற்ற அவருக்கு அரண்மனை மருத்துவர்கள் பலமுறை குருதியை வடித்திருந்தனர். குருதி வடித்தலும், அட்டை விடுதலும், கடும்பேதி கொடுத்தலும் அந்நாளில் ஐரோப்பிய மருத்துவத்தின் பெருவழக்காக இருந்தன. மெலிந்தவரை மேலும் மெலிவித்தல் மருத்துவமாகுமோ என்று பேரரசரின் மருத்துவர்களை வெளிப்படையாக வினவினார் ஒருவர். அவர் செல்வரல்லர், செல்வாக்கு உடையவருமல்லர். அவரே சாமுவேல் ஹானிமன்.

ஹானிமன் 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மெய்சன் நகரில் பிறந்தார். அந்நகர் பீங்கான் கலங்களுக்குப் பெயர் பெற்றது. அவர்தம் தந்தையார் பீங்கானில் ஓவியம் தீட்டும் தொழிலினர். குடும்பத்தின் வறுமை கருதி, மகனை வணிகத்தில் ஈடுபடுத்தத் தந்தையார் எண்ணினார். ஆசிரியர்களோ, சிறுவனின் கூர்த்த அறிவைக் கண்டு, கட்டணம் பெறாமலே கற்பித்தனர். இரவிற் படிப்பதற்காகக் களிமண்ணால் தாமே விளக்கொன்று செய்துகொண்டார் என்று கூறுவர். பின்னர், மொழிகள் கற்பித்தும் நூல்களை மொழிபெயர்த்தும் பொருள் தேடிக்கொண்டே லைப்சிக்கில் பயின்றார். வியன்னாவிலும் மருத்துவம் கற்றார். 1779இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் தொழிலில் அமைதி காணவில்லை. தாம் கொடுக்கும் மருந்து நோயாளிக்கு நன்மை செய்கிறதோ, தீங்கு செய்கிறதோ என்னும் ஐயம் அவரை வருத்தியது. ஆகவே, வருவாய் குறைவதையும் பொருட்படுத்தாது மருத்துவத் தொழிலைக் கைவிட்டு, மொழிபெயர்ப்பால் குடும்பத்தைக் காத்தார்.

1790இல் கல்லன் என்னும் அறிஞரின் மருந்து நூலை மொழிபெயர்த்தபோது, சின்கோனாப் பட்டை குளிர்காய்ச்சலை எவ்வாறு தீர்க்கிறது என்பதற்கு அவர் கூறிய காரணம் ஹானிமனுக்குப் பொருந்தவில்லை. நூலில் உள்ளது என்பதற்காக அவர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. நோயற்ற தம் உடலிலேயே அப்பட்டையைச் சோதித்தார். குளிர்காய்ச்சலை ஒத்த குறிகள் தோன்றியதாகக் கண்டார். நலமுடையவரிடம் எக்குறிகளை ஒரு பொருள் உண்டாக்குமோ, அக்குறிகளையுடைய நோயை அப்பொருளே தீர்க்கும் என்னும் கொள்கையை இதிலிருந்து வகுத்து, 1796இல் வெளியிட்டார். இதுவே ஹோமியோபதி மருத்துவத்தின் அடிப்படையாயிற்று.

இக்கொள்கைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, ரஸ் டாக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருந்தாகும். அது வட அமெரிக்காவில் வளரும் நச்சுக்கொடி ஒன்றிலிருந்து செய்யப்படுவது. அக்கொடியின் இலை உடலிற் பட்டால், தோல் சிவந்து, தாங்கொணாத அரிப்பெடுத்து, நீர்க்கொப்புளங்கள் எழும். ஆதலால், அத்தகைய தோல் நோய்களுக்கு அக்கொடியே மருந்தெனக் கொள்ளப்பட்டது. நச்சுப் பொருளை அவ்வாறே கொடுத்தலாகாது அன்றோ? எனவே, அதன் சாற்றில் ஒரு துளியை 99 துளி சாராயத்தோடு கலந்து குலுக்கினர். அக்கலவையில் ஒரு துளியை எடுத்து மீண்டும் 99 துளியோடு கலந்தனர். சில மருந்துகளில் இம்முறை முப்பது தடவைவரை தொடர்ந்தது.

1813இல் லைப்சிக்கில் பெரும் போர் நிகழ்ந்தது. அதனையடுத்து நச்சுக்காய்ச்சல் பரவியது. ஹானிமன் இக்கொடி மருந்தையும் பிரையோனியா என்னும் மற்றொரு செடி மருந்தையும் நோயாளிகளுக்கு அளித்தார். தம் மருத்துவம் பயன் தந்ததாக எழுதினார். ஆயினும், மருந்து விற்போர் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். மருந்தைத் தாமே செய்து வழங்கும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. 1821இல் லைப்சிக்கை விட்டுக் கோத்தன் நகருக்குச் சென்றார். 1835இல், எண்பதாம் அகவையில், பாரிசில் குடியேறினார். 1843 ஜூலை 2ஆம் நாள் அங்கேயே காலமானார்.

ஹானிமனின் கொள்கை அவருக்குப் பின்னரும் ஆராயப்பட்டது. அணுக்களின் திரளாகிய மூலக்கூறுகளைக் கணக்கிடும் முறை அவர் மறைந்த பின்னரே தோன்றியது. அக்கணக்கின்படி, பன்னிரண்டு தடவைக்கு மேல் நீர்த்த மருந்தில் மூலப்பொருளின் மூலக்கூறு ஒன்றேனும் எஞ்சியிருத்தல் அரிது. 2015இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்நோய்க்கும் இம்மருத்துவம் பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என முடிவு செய்தது. அவரிடம் பிழைத்தோர் பிழைத்ததற்கு, குருதி வடிக்கப்படாமல் ஓய்வு பெற்றமையே காரணமாயிருத்தல் கூடும்.

இதனால் ஹானிமனின் வாழ்வு வீணாகிவிடவில்லை. குருதி வடிக்கும் கொடுமையைத் துணிந்து கண்டித்தமையும், நூலிற் கண்டதைச் சோதியாமல் ஏற்க மறுத்தமையும் அவர்தம் பெருமைகள். தம் உடல் ஒன்றிற் கண்டதைப் பொதுவிதியாகக் கொண்டது அவர்தம் குறை. கல்லனின் கூற்றை அவர் சோதித்தார். அவர் கூற்றைப் பின்வந்தோர் சோதித்தனர். பெரியோர் சொல்லையும் ஆராய்ந்து ஏற்பதே அறிவு வளரும் நெறியாகும்.