இரு பந்துகளின் நாயகர்

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் ஒரு முதியவர் கண்மூடினார். நாங்கள் எவரும் அன்று பிறந்திருக்கவில்லை. ஆயினும் காலந்தாழ்ந்து இப்பிரியாவிடையை அவருக்குச் செலுத்த விழைகின்றோம். அவர்தாம் எம். ஜே. கோபாலன்.

செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில், 1909 ஜூன் 6 அன்று அவர் பிறந்ததாக ஏடுகள் கூறும். அந்நாளில் எங்கள் பாரிவாக்கமும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே அவரை எங்கள் ஊர்க்காரர் என்று சற்று உரிமையுடன் சொல்லிக் கொள்கிறோம்! வளர்ந்தது திருவல்லிக்கேணியில். வசதியற்ற குடும்பம். அவரது பந்துவீச்சைக் கண்டு வியந்த ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்தார்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கெதிராக டெஸ்ட் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை பிறந்தது. சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். கோப்பையின் முதல் பந்தை கர்ட்டிஸுக்கு வீசியவர் நம் கோபாலனே! ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்து போயிற்று.

இத்துடன் நில்லாமல் ஹாக்கியிலும் அவர் சூரர். 1935-இல் தியான்சந்துடன் நியூசிலாந்து சென்று ஆடி வந்தார். மறு ஆண்டுதான் சோதனை வந்தது. ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, மறுபுறம் இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் அணி. இரண்டும் ஒரே கோடையில். விளையாட்டு விழாவன்றே பாட்டுப் போட்டியும் வந்துவிட்டால் நாங்கள் படும் பாடு நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் முன் நின்றதோ உலகமே பார்க்கும் மேடை.

அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் கப்பலேறினார். அங்கோ மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவருக்கு இடமில்லை. ஆகஸ்டு 15 அன்று பெர்லினில் ஜெர்மனியை 8-1 என வென்று இந்திய ஹாக்கி வீரர்கள் தங்கம் சூடினர். கோபாலனின் கழுத்தில் பதக்கம் ஏறவில்லை. டெஸ்ட் வாய்ப்பும் அதன்பின் வரவேயில்லை. இதைப் படித்தபோது எங்களில் சிலர் அழுதேவிட்டோம். தவறான முடிவு என்றாள் ஒருத்தி. முன்கூட்டி யாருக்குத் தெரியும் என்றாள் மற்றொருத்தி. அவ்விவாதம் எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

அவர் மனம் ஒடிந்து மட்டையைத் தூக்கி எறியவில்லை. சென்னைக்காகப் பல்லாண்டுகள் ஆடினார், அணித் தலைவராகவும் இருந்தார். பின்னர் இந்திய அணித் தேர்வாளராகவும் பணியாற்றினார். 1953-இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே அவர் பெயரிலேயே ஒரு கோப்பை தொடங்கப்பட்டது. வாழும்போதே ஒருவர் பெயரில் கோப்பை! சேப்பாக்கம் மைதானத்தின் வாயில் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த விடுமுறையில் பூந்தமல்லியில் பேருந்தேறிச் சேப்பாக்கம் செல்ல எண்ணியிருக்கிறோம். ஆட்டம் இல்லாவிட்டால் என்ன? முதல் பந்து விழுந்த மண்ணை வெளியிலிருந்தாவது பார்த்து வருவோம்.